பன்னிரண்டரை அங்குலமும் ஒரு சுங்குடிச் சேலையும்

எனக்குத் தையல் தெரியும் என்கிற நினைப்பில்தான் க்வில்ட் போர்வை தைக்கும் அந்தக் குழுவில் பேர் கொடுத்தேன். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பேன், பையனுடைய பேன்ட் நீளத்தைக் குறைப்பேன், தலையணை உறை தைப்பேன், ஒரு தடவை மகளுக்குப் பாவாடைகூடத் தைத்திருக்கிறேன், கொஞ்சம் கோணல்தான், ஆனால் நவராத்திரி முடியும்வரை பிரியாமல் நின்றது. இது போதும் என்று நினைத்தேன். போதாது என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கம். வீட்டுக்கு அருகில் இருக்கும் நூலகத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி க்வில்ட் தைப்பார்கள். பிள்ளைகளைக் கதை நேரத்துக்குக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன், அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். மேஜை நிறையக் கலர் கலராகத் துணி. போன வருஷம் பிப்ரவரியில் அந்தக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெற்றோரோடு இருக்க முடியாமல் வேறு குடும்பங்களில் வளர்க்கப்படும் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கிறோம், ஆளுக்கு ஓரிரு கட்டம் தைத்துக் கொடுத்தால் போதும், அனுபவம் வேண்டாம் என்று. அந்த 'ஓரிரு கட்டம்'தான் என்னை உள்ளே இழுத்தது. வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, இடையில் யாருக்காவது காய்ச்சல். முழுப் போர்வை என்று போட்டிருந்தால் படித்துவிட்டு நடையைக் கட்டியிருப்பேன்.

க்வில்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஓர் அடுக்கு, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணியாக இன்னோர் அடுக்கு. இந்த மூன்றும் நகராமல் இருக்க மேலிருந்து அடிவரை சேர்த்து ஓட்டுகிற தையல் இருக்கிறதே, அதற்குத்தான் உண்மையில் க்வில்டிங் என்று பேர். மேல் அடுக்குக்கு 'டாப்', அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தைத்தால் ஒவ்வொன்றும் ஒரு 'பிளாக்'. குழுவாகத் தைப்பதற்கு இந்தக் கட்ட முறை மாதிரி வசதி எதுவும் இல்லை. இருபது கட்டத்தை இருபது வீட்டில் தைக்கலாம், பிறகு ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். 1840-களில் இந்த நாட்டில் நண்பர்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் மையால் கையெழுத்துப் போட்டு, ஊரைவிட்டு மேற்கே குடிபெயர்கிறவர்களுக்குப் போர்வையாகக் கொடுத்து அனுப்புவார்களாம். ஆட்டோகிராஃப் நோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி.

குழுவை நடத்துபவர் 78 வயது அம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பத்து வயதுப் பேத்தி உட்பட. எனக்கு இத்தனை வருஷம் ஆகியும் என் அம்மாவைவிட மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. அதனால் அவரைக் கூப்பிடாமலே பேசுகிற ஒரு வித்தையைக் கற்றுவைத்திருக்கிறேன், கிட்டத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவது. மனசுக்குள் 'டீச்சர்'. இந்தக் கட்டுரையிலும் டீச்சர்தான்.

முதல் நாள் டீச்சர் என் கையில் கொடுத்தது கத்தரிக்கோல் இல்லை, பீட்சா வெட்டுகிற மாதிரிச் சுழலும் ஒரு கத்தி. ரோட்டரி கட்டர். 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அட்டையில் அச்சு வெட்டி, துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றாகக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். இப்போது கோடு போட்ட ரப்பர் பாய் மேல் துணியை நாலு மடிப்பாகப் போட்டு, கனமான பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அழுத்தி, சர்ரென்று ஓர் இழுப்பு. ஸ்கேலை அழுத்தும் இடது கையின் சுண்டுவிரல் ஸ்கேலுக்கு வெளியே நீளக் கூடாது, வெட்டி முடித்ததும் கத்தியை மூடாமல் மேஜையில் வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் டீச்சர் மூன்று தடவை சொன்னார். அவருடைய இடது சுண்டுவிரல் நுனியில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

டிசைன், ஃபிரண்ட்ஷிப் ஸ்டார். கற்றுக்கொள்பவர்களுக்கு முதலில் கொடுப்பது இதைத்தான். மூன்றுக்கு மூன்று, ஒன்பது சின்னச் சதுரம். நடுச் சதுரம் நட்சத்திரத் துணி, நாலு மூலையும் வெளிர்நிறத் துணி, மிச்சம் இருக்கும் நாலும் குறுக்கே பாதி வெளிர், பாதி நட்சத்திரத் துணி. சேர்த்து வைத்தால் காற்றாடி மாதிரி சுழலும் ஒரு நாலுமுனை நட்சத்திரம் வரும். அந்தப் பாதிப்பாதிச் சதுரத்தை முக்கோணமாக வெட்டித் தைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு நிறத்திலும் 5 அங்குலச் சதுரம் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டில் வெட்டினால் இரண்டு சதுரம் கிடைக்கும். இஸ்திரி போட்டு அதை 4½ அங்குலத்துக்குச் சீவிவிட வேண்டும். இதை முதல் தடவை விரித்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் அளவுக்கு மீறியது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகா இருக்கு" என்றார் கணவர், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

இரண்டு கட்டம் ஒப்புக்கொண்டு வந்தேன். கட்டத்தின் அளவு பன்னிரண்டரைக்குப் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்த பிறகு ஓரத் தையலுக்குள் அரை அங்குலம் போய், கண்ணுக்குத் தெரிவது பன்னிரண்டு. மார்ச் கூட்டத்துக்கு முதல் கட்டத்தைப் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் ஸ்கேலை அதன்மேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஸ்கேலைத் திருப்பி மறுபக்கம் வைத்தார். அங்கேயும் சரியாகப் பன்னிரண்டுதான்.

அரை அங்குலம் எங்கே போயிற்று? நம் வீட்டுத் தையலில் துணி ஓரத்தை மிஷின் பாதத்தின் ஓரத்தோடு வைத்து ஓட்டிவிடுவோம், என் மிஷினில் அது எட்டில் மூன்று அங்குலம் வருகிறது. க்வில்டில் கால் அங்குலம்தான் பிடிக்க வேண்டும். வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு, நூல் பிரிகிற அளவுதான். ஆனால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டிலிருந்தும் அந்த எட்டில் ஒரு பங்கு போகிறது, ஆகக் கால் அங்குலம். ஒரு வரிசையில் மூன்று சதுரம் சேர்க்க இரண்டு தையல், ஆக அரை அங்குலம். டீச்சர் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவர் முகத்தில் நாற்பது வருஷ வகுப்பறை தெரிந்தது. ஜாக்கெட் தைத்தால் அரை அங்குலத்தை அக்குளில் சமாளித்துவிடலாம், கட்டத்தில் சமாளிக்க இடமே இல்லை. பக்கத்துக் கட்டத்தைத் தைத்தவர் பன்னிரண்டரை வைத்திருப்பார். அதோடு இதைச் சேர்த்தால் ஒன்று சுருங்கும் அல்லது ஒன்று உப்பும்.

குழுவாகத் தைக்கும்போது அளவுதான் எல்லாம் என்பது அப்போதுதான் உறைத்தது. எய்ட்ஸ் நினைவுப் போர்வை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக அதை விரித்தபோது 1,920 துணிப் பேனல்கள் இருந்தன. இறந்தவர்களின் பெயரைப் போட்டு நண்பர்களும் உறவினர்களும் தைத்தவை. அதில் தையலே தெரியாதவர்கள் எத்தனையோ பேர். துணி என்னவாகவும் இருக்கலாம், ஜீன்ஸ், தோல், கரடி பொம்மை எதை வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம். ஆனால் அளவு மட்டும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. எட்டைச் சேர்த்தால் பன்னிரண்டடிச் சதுரம். அந்த ஒரு விதி இருந்ததால்தான் முன்பின் பார்க்காதவர்கள் தைத்த அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தன.

சரி, என் அரை அங்குலத்துக்கு வருகிறேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த பரீட்சை இது, யாருக்காவது உதவும். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் தையல் கால் அங்குலம். குறைந்தால் அதிகமாகப் பிடிக்கிறீர்கள். எனக்கு ஆறாவது தடவைதான் சரியாக வந்தது. மிஷின் மேடையில் சரியான இடத்தில் ஒட்டுத் துணிப் பிளாஸ்திரியை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவைத்து, துணி ஓரத்தை அதோடு உரசியபடி ஓட்டினேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் இஸ்திரி. நாம் சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்த்தால் துண்டுத் துணி வளைந்துவிடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், தோசைக்கல்லில் அப்பளம் சுடுகிற மாதிரி. தையல் மடிப்பை அடர்நிறத் துணிப் பக்கமாகச் சாய்க்க வேண்டும்.

நேரம் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ஒரு கட்டம் முக்கால் மணி நேரம்' என்று அந்தக் காகிதத்தில் போட்டிருந்தது. அது டீச்சருக்கு. எனக்குப் பிரித்துத் தைத்தது உட்பட ஆறு மணி நேரத்துக்கு மேல் போயிற்று, அதுவும் ஒரே மூச்சில் இல்லை. ஒரு ராத்திரி வெட்டல், ஒரு ராத்திரி கோடு போடுதல், ரசம் கொதிக்கிற நேரத்தில் இரண்டு தையல். எடுத்துவைக்க நேரமாகிறதே என்று மிஷினைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கு அது பிக்னிக். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், என் அலமாரியில் பாதி பின்னிய ஸ்வெட்டர் இருக்கிறது, பாதி போட்ட தஞ்சாவூர் ஓவியம் இருக்கிறது, எம்ப்ராய்டரி சட்டத்தில் ஒரு மயில் நாலு வருஷமாகத் தோகை இல்லாமல் நிற்கிறது. இந்தக் க்வில்ட்காரர்கள் முடிக்காமல் கிடப்பவற்றை 'யூஎஃப்ஓ' என்கிறார்கள், 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்' என்பதன் சுருக்கம், பறக்கும் தட்டுக்கும் அதே பேர். நாசாவுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்த ஜோக்கை மாதம் ஒரு முறையாவது கேட்டாக வேண்டும். நான் வாழ்க்கையில் முடித்த ஒரே கைவேலை இந்த இரண்டு கட்டம்தான். இரண்டாவது சனிக்கிழமை யாரோ ஸ்கேலோடு காத்துக்கொண்டிருக்கிறார் என்ற பயம் இல்லையென்றால் இதுவும் மயிலோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது சுங்குடி.

வெளிர்நிறத் துணி குழுவே கொடுத்தது, நட்சத்திரத் துணி அவரவர் இஷ்டம், நூறு சதவீதம் பருத்தியாக இருந்தால் போதும். இங்கே கடையில் க்வில்ட் துணி ஒரு கெஜம் பன்னிரண்டு பதிமூன்று டாலர். என்னிடம் பெட்டியில் ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலை இருந்தது. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், சின்னாளப்பட்டி கூப்பிடு தூரம். அம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒன்று கொண்டுவருவார், நான் உடுத்துவது வருஷத்துக்கு ஒரு நாள். இது அப்படி வந்து, மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது. ரத்தச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. வெட்ட மனசு வரவில்லை, முந்தானையை விட்டுவிட்டு உள்பக்கத்தில் ஒரு முழம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏன்டி, முழுசா இருக்கிற துணிய வெட்டி, வெட்டுனதத் திரும்ப ஒட்டுப்போடுறதுக்கு நூலகத்துல கூட்டம் போடுறீங்களா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

குழுவில் ஒருவர் உங்கள் ஊரில் க்வில்ட் உண்டா என்று கேட்டார். எங்கள் ஊர் வெயிலில் யார் போர்த்துவார்கள், இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் காரோட்டி வரும்போதுதான் அம்மாச்சி நினைவுக்கு வந்தார். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய நூல்சேலையை நாலு மடிப்பாகப் போட்டு, சுற்றிலும் குறுக்கும் பெரிய பெரிய தையலாக ஓட்டி, பிறந்த குழந்தைக்கு விரிக்க வைத்திருப்பார். அதற்கு எங்கள் வீட்டில் தனிப் பேர்கூடக் கிடையாது, 'பிள்ளைத்துணி' அவ்வளவுதான். நான் படுத்ததும் அதில்தான். அடுக்கு உண்டு, எல்லா அடுக்கையும் சேர்க்கிற ஓட்டுத் தையல் உண்டு, பஞ்சு மட்டும் இல்லை. அடுத்த மாதம் போய்த் திருத்திச் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்குகிற தொம்பையும் துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைத்ததுதான் என்றேன், வங்காளத்துக் காந்தாவைச் சொன்னேன், கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள் தைக்கும் கவண்டியைச் சொன்னேன். கவண்டி என்றதும் அந்த அறையில் இரண்டு பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்து நடுவில் முடிப்பார்களே, மூலையில் சின்ன முக்கோண மடிப்பு வைப்பார்களே, அதுதானே என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாத விவரத்தை எனக்கே சொன்னார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் போர்வை விஷயத்தில் தெரியாதது குறைவு. 2002-ல் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் பெரிய கண்காட்சி முதலில் நடந்ததே ஹூஸ்டன் மியூசியத்தில்தான். அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிய சின்ன ஊர், அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைச் சட்டையையும் ஜீன்ஸையும் வைத்துத் தைத்தவை. டீச்சர் அதை மூன்று தடவை போய்ப் பார்த்தாராம்.

இரண்டாவது கட்டத்தை நான் தைத்தது கெடு நாளுக்கு முந்தின ராத்திரி. பதினொரு மணி. அளவு சரியாக வந்தது, பன்னிரண்டரை, நூல் பிசகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் படம் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. செப்டம்பரில் இருபது கட்டத்தையும் தரையில் பரப்பி, நாலு அகலம் ஐந்து நீளமாக அடுக்கி, எந்த நிறம் எதன் பக்கத்தில் என்று எல்லாரும் சாக்ஸ் காலோடு நின்று சண்டை போட்டு, பிறகு டாப்பாகத் தைத்து முடித்து, சுவரில் மாட்டி நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. பத்தொன்பது நட்சத்திரம் ஒரு பக்கம் சுழல்கிறது, ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம். சிவப்பு. அதாவது நான். பாதிப்பாதிச் சதுரம் நாலையும் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறேன்.

பிரித்துத் தருகிறேன் என்றேன். நாலு பக்கமும் கட்டங்கள் சேர்ந்துவிட்டன, நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்குவது லேசில்லை. அறை முழுக்க வேண்டாம் என்றார்கள். கடவுள் மட்டும்தான் குறையில்லாதவர், அதனால் அந்தக் காலத்தில் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாக வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். அது பின்னால் கட்டிவிட்ட கதை, யாரும் தப்பை வேண்டுமென்றே வைத்ததில்லை, தானாகவே வரும் என்றார் டீச்சர். நான் எங்கள் ஊரில் வேண்டுமென்றே வைப்போம் என்று திருஷ்டிப் பொட்டு பற்றிச் சொன்னேன். குழந்தை ரொம்ப அழகாக இருந்தால் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு, பார்க்கிறவர்கள் கண் அதில் போகட்டும் என்று. அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டத்துக்குத் 'திருஷ்டி' என்றே பேர், 'ட்ருஸ்டீ' மாதிரி உச்சரிப்பார்கள்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. கராஜில் பன்னிரண்டடி நீள லாங்ஆர்ம் மிஷின் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார், அவர் மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரே நாளில் ஓட்டிக் கொடுத்தார். ஓரப்பட்டை வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கெஜக்கணக்காகத் தெரியும், ஆனால் வேலை அவ்வளவு இல்லை. 48-க்கு 60 அங்குலப் போர்வை, சுற்றளவு 216 அங்குலம், இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு பட்டை வெட்டினால் போதும். மேல்பக்கம் மிஷினில் ஓட்டிவிட்டு, பின்பக்கம் மடித்துக் கையால் மறைதையல். இது ஃபால்ஸ் தைப்பதேதான்! கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு வேலை வந்தது. பையனுடைய சாக்கர் பயிற்சி மைதானத்தில் நாற்காலியைப் போட்டு நாலு மாலையில் முடித்துவிட்டேன். நேரம் இல்லாதவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்த வேலையைத்தான். மிஷின் வேண்டாம், மேஜை வேண்டாம், எங்கே நிறுத்தினாலும் திரும்ப எடுக்கலாம்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை துவைக்க வேண்டும், வாசனை இல்லாத சோப்பில். பிள்ளைகளில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கலாம். லாங்ஆர்ம்காரர் வீட்டில் துவைத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனில் படம் வந்தது. வார்த்தை எதுவும் இல்லை, படம் மட்டும். என் இரண்டு சிவப்பு நட்சத்திரத்தையும் சுற்றி வெளிர்த் துணியில் ரோஸ் நிறம் படர்ந்திருந்தது. பக்கத்துக் கட்டங்களில், யாரோ ஒருவருடைய மஞ்சள் நட்சத்திரத்தின் முனையில், வேறொருவருடைய பச்சையைச் சுற்றி. திருஷ்டிப் பொட்டு வேர்வையில் வழிந்து கன்னமெல்லாம் பரவின மாதிரி.

முதல் நாள் கொடுத்த விதிமுறைக் காகிதத்தில் ஏழாவது வரி: சிவப்பு, கருநீலத் துணிகளை வெட்டுவதற்கு முன்னால் துவைத்துவிடவும். படித்தேன். படித்துவிட்டு, வெட்டுகிற ராத்திரியில் துவைத்துக் காயப்போட நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன். சுங்குடி முதல் துவையலில் சாயம் போகும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும், தனியாக நனைக்காமல் அம்மா எதையும் கொடியில் போட்டதே இல்லை. என் ஸ்வெட்டரில் நான் செய்த தப்பு என் ஸ்வெட்டரோடு போயிருக்கும். இது பத்துப் பேர் துணியில் போய் ஒட்டிக்கொண்டது.

உடனே போன் செய்து, துவைக்காமல் வெட்டியது நான்தான் என்று சொன்னேன். அந்தம்மா, தெரியும், அதெல்லாம் பிறகு, நல்லவேளை ட்ரையரில் போடவில்லை, உடனே வா என்றார். அதுதான் முக்கியம். சூடு பட்டுக் காய்ந்தால் கசிந்த சாயம் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், ஈரமாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. இருபத்தைந்து நிமிஷம் ஓட்டிப்போய் ஈரப் போர்வையைப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் கேட்டேன், கல் உப்பு இரண்டு கை அள்ளிப் போடு என்றார். குழுவில் ஒருவர் வினிகர் என்றார். டீச்சர் இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். வினிகர் என்றால் பட்டுத் துணி, கம்பளிச் சாயங்களுக்கு ஏதாவது செய்யும், பருத்திக்கு இல்லை. உப்பைச் சாயத்தொட்டியில் போடுவது துணி சாயத்தை இழுத்துக்கொள்வதற்காக, ஒரு தடவை சாயம் ஏற்றிய துணியில் அதைப் பூட்டிவைக்க உப்பால் முடியாது.

செய்ய வேண்டியது இது: குளியல் தொட்டி நிறைய, குழாயில் எவ்வளவு சூடாக வருமோ அவ்வளவு சூடான தண்ணீர். அதில் பாத்திரம் கழுவுகிற நீல டான் லிக்விட் அரைக் கப். போர்வை முழுக்கத் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும், ஒரு மூலைகூட மேலே மிதக்கக் கூடாது. பன்னிரண்டு மணி நேரம். சூடு, பிடிப்பில்லாத சாயத்தைக் கழற்றும். லிக்விட், கழன்ற சாயம் திரும்பத் துணியில் உட்காராமல் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளும். தண்ணீர் நிறைய இருந்தால் சாயம் நீர்த்துப்போகும். நான் சமையலறைத் தட்டுகளை எல்லாம் கொண்டுவந்து மேலே கவிழ்த்துக் கனம் வைத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் தொட்டி ரூஹ் அஃப்ஸா சர்பத் மாதிரி சிவப்பாக இருந்தது. காலையில் திறந்துவிட்டு, திரும்ப நிரப்பி, இன்னொரு பன்னிரண்டு மணி நேரம். மூன்றாவது நாள் தண்ணீர் தெளிந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் எல்லாரும் மாடியில் இருக்கும் இன்னொரு குளியலறைக்குத்தான் போனார்கள், அது பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் சொல்லப்பட்டன.

அடுத்த கூட்டத்துக்கு எதைச் சொல்லி உள்ளே நுழைவது என்று யோசித்துக்கொண்டே போனேன். டீச்சர் போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, இது மெட்ராஸ் துணியா என்று கேட்டார். அந்த ஊர்ப் பக்கம்தான் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் காலேஜில் படித்த 1960-களில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை இங்கே பெரிய ஃபேஷனாம், அதில் விசேஷமே துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றில் ஒன்று கலப்பதுதானாம். அவர் அண்ணன் சட்டையை எடுத்து இவருடைய வெள்ளைப் பாவாடையோடு போட்டுத் துவைத்து, வீடே இரண்டுபட்டதாம். பிறகு நான் தேடிப் படித்தேன். அந்தத் துணியை இங்கே விற்றபோது சாயம் போகிறது என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். விற்றவர்கள் அசரவில்லை, சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாகப் போட்டு விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்திருக்கிறார்கள். நான் விதிமுறைக் காகிதத்தில் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ரோஸ் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது. ஓர் இடத்தில் மட்டும், பச்சை நட்சத்திரத்தின் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு லேசாகத் தெரியும், தெரிந்து பார்த்தால். அந்தக் கட்டத்தைத் தைத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அந்த இடத்தில் எப்படியும் கெட்சப் சிந்தத்தான் போகிறது என்றார். நவம்பரில் அது மற்ற ஆறு போர்வைகளோடு போயிற்று, யாருக்குப் போயிற்று என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வருஷக் காகிதம் போன வாரம் ஒட்டினார்கள். ஏழாவது வரியைத் தடித்த எழுத்தில் போட்டுக் கீழே இரண்டு கோடும் இழுத்திருக்கிறார்கள், யார் பேரும் இல்லை, ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஒரு கட்டம்தான் ஒப்புக்கொண்டேன், கூட ஓரப்பட்டை. நட்சத்திரத்துக்கு மறுபடியும் அந்தச் சேலையேதான். இன்று காலையிலிருந்து வாளியில் மூன்று தடவை தண்ணீர் மாற்றிவிட்டேன், நனைத்த துணியை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். இன்னும் லேசாகச் சிவக்கிறது. நாலாவது தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.